வாழையிலைப் பொட்டலம்

காலையில் பசுந்தாங் பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் ஈர வாழையிலை வாசனை. சாமி படத்தின் முன் என் கணவர் இரண்டு பொட்டலங்கள் கட்டி வைத்திருந்தார். மகள் வேலைக்குத் தாய்லாந்து போகலாமா என்று அம்மனிடம் பூக்கட்டிக் கேட்கிறாராம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது இன்சீன் ஊரில் இருந்தோம். ரயில் பட்டறையில் வேலை பார்த்த அப்பாவும் இப்படித்தான் கேட்டார். வெள்ளைப் பூ வந்தால் அக்காவுக்கு டீச்சர் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். எட்டு வயதில், தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய முகத்தோடு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு.

“ஆத்தா சொல்லிட்டா. இனி அவ பாத்துக்குவா” என்றார் அப்பா. அக்கா விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் குப்பையில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளிதான். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா இன்றுவரை அதை அம்மன் சித்தம் என்றே நம்புகிறாள்.

“எடும்மா” என்றார் கணவர் மகளிடம்.

நான் குறுக்கே புகுந்து இரண்டையும் பிரித்துப் போட்டேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. மனுஷர் நியாயமாகத்தான் கட்டியிருந்தார். அப்போதும் என் கோபம் ஆறவில்லை.

“சாமி காரியத்தக் கெடுத்துட்டியே. இனி யாரப் போய்க் கேக்குறது?” என்றார்.

“சாமிய நானும் நம்புறேன். அவகிட்ட அப்புறம் கேக்கலாம். மொதல்ல உங்க மகளக் கேளுங்க. எங்கக்காவ யாருமே கேக்கல.”