நின்றுவிட்டது என்று அண்ணை நம்பிய படபடப்பு

நெடுந்தீவில் பிறந்து, நெடுந்தீவிலேயே வாழ்ந்து, சென்ற ஆண்டு எம்மைப் பிரிந்த எங்கள் அண்ணையைப் பற்றி அவருடைய கடைசித் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். ஆண்டுத் திவசத்தில் இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பலர் அவரைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அவர்களுக்காகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

தந்தையார் காலமானபோது அண்ணைக்கு மீசை அரும்பவில்லை. மாடுகளையும் தங்கைமார் எங்கள் மூவரையும் அவரே பொறுப்பேற்றார். பால் கறந்தும் தோட்டத்துக்கு இறைத்தும் எங்களைப் படிப்பித்தார். சண்டைக் காலத்தில் அக்காமார் இருவரும் கனடாவுக்குப் போனார்கள். பின்னர் நானும் போனேன். அம்மா இருக்கும்வரை அண்ணை தமக்கென ஒரு கலியாணத்தை நினைக்கவில்லை. அம்மா போன பிறகு அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை. முருகைக்கல் மதிலுக்குள் அவரும் மாடுகளுமே மிஞ்சினார்கள்.

அறுபதைத் தாண்டியபின் அவருடைய நெஞ்சு இடைக்கிடை படபடக்கத் தொடங்கியது. மாட்டுக்குத் தண்ணீர் அள்ளும்போதே வரும், கிணற்றுக்கட்டில் இருந்துவிடுவாராம். ஒருமுறை படகேறி, குறிகட்டுவான் துறையில் இறங்கி பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது அது அடங்கிவிட்டது. ஈசீஜீயில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் அதன்பின் எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

நான் ஊருக்கு வந்து நின்றபோதுதான் கண்டேன். ஒருநாள் காலையில் தேத்தண்ணீரைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் மூச்சு வாங்கினார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஓடியது, தடக்கியது, மறுபடி ஓடியது. ஓர் ஒழுங்கே இல்லை. ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆருக்குச் சொல்லுறது, பிள்ளை? நீங்கள் அங்கை இருந்து பயந்து என்ன செய்யிறது?" என்றார்.

அன்றே கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். இம்முறை ஈசீஜீயில் அகப்பட்டது. அங்கிருந்த பெண் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிக்கும்போது இரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடும். இதயத்தின் வேகத்தை அடக்க ஒரு குளிசையும், இரத்தம் உறையாமல் தடுக்க ஒரு குளிசையும் தந்து, ஒழுங்காக இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

"படபடப்பு இல்லாட்டிலும் குளிசையை விடக்கூடாது ஐயா. இந்த வருத்தம் வெளியிலை தெரியாமலும் இருக்கும்."

அண்ணை தலையாட்டினார். நான் கனடா திரும்பிய பிறகும் சில காலம் தவறாமல் போய் வந்தார். பிறகு ஒரு காற்றுக்காலம் வந்தது. படகுகள் ஓடவில்லை; குளிசை முடிந்தது. நெஞ்சிலோ ஒரு தொந்தரவும் இல்லை. சுகம் வந்துவிட்டது என்றே நம்பிவிட்டார். கடல் அடங்கியபின்னும் அவர் போகவில்லை.

பக்கத்து வளவு றெஜினா அக்கா ஒரு காலையில் பால் வாங்க வந்து, அவரை மாட்டுக்கொட்டிலில் விழுந்து கிடக்கக் கண்டார். வாய் கோணியிருந்தது, வலக்கை எழும்பவில்லை. தீவு ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து படகில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. பேச்சில் ஒரேயொரு சொல்தான் மிஞ்சியது.

யாழ்ப்பாணத்திலேயே வைத்துப் பார்க்க ஒழுங்கு செய்தோம். அண்ணையோ இடக்கையால் கடற்பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கே கொண்டுபோய் விடச் செய்தோம். சாப்பாடும் குளிசையும் றெஜினா அக்காவின் கையால்தான். ஞாயிறுதோறும் நான் எடுக்கும்போது தொலைபேசியை அவர் அண்ணையின் காதில் பிடிப்பார்.

"சாப்பிட்டனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"குளிசை போட்டனீங்களோ?"

"ஓம்."

"தனிய இருக்கப் பயமில்லையோ?"

"ஓம்."

அந்த ஓமுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படி இரண்டு மாரிகள் கழிந்தன. அடுத்த மாரியில் காய்ச்சல் கண்டு மெலிந்து, ஒரு பின்னேரம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே அடங்கினார். செத்தவீட்டுக்கு நாங்கள் மூவரும் வந்து சேர்ந்தோம். நாங்கள் ஊரைவிட்டுப் போனபின் அந்த முற்றம் நிறைந்தது அன்றுதான். அதைப் பார்க்க அண்ணை இல்லை.

இதை வாசிக்கும் உறவுகள் தங்கள் வீட்டு மூத்தவர்களின் நாடியை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ஒழுங்கு தப்பி ஓடினால் தாமதியாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

அண்ணைக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், கடல் கடந்து கொண்டுசென்ற படகுக்காரருக்கும், கூடப் பிறவாத சகோதரியாய் நின்ற றெஜினா அக்காவுக்கும் எங்கள் நன்றி. அண்ணை இருந்த நாள்களில் அந்தப் படலையைத் திறந்து, "இருக்கிறியளோ?" என்று ஒருமுறையேனும் கேட்டவர் எவராயினும், அவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.