தப்பு எங்களுது

சிதம்பரத்தில் நாங்கள் போட்ட கல்யாணப் பந்தல் சரிந்தபோது மாமா காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், கையில் பிடித்தபடியே ஓடினார். சுழன்றடித்த காற்றில் பிடுங்கிக்கொண்ட இரும்புக் கம்பி, கல்யாணப் பெண்ணின் சித்தப்பா தோளில் விழுந்திருந்தது. அவர் தையல்காரர். மாமா என் அக்காவின் கணவர். திருப்பாதிரிப்புலியூரில் பந்தல் கடை வைத்திருந்தார். சுனாமிக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் அவரிடம் வேலை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் தையல்காரரின் கட்டிலை விட்டு மாமா நகரவில்லை. கஞ்சியை ஆற்றி அவரே ஊட்டினார். உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "தப்பு எங்களுதுதாங்க. ஆவுற செலவ நான் பாத்துக்குறேன்" என்றார். எங்கள் பந்தலால் பிறருக்கு அடிபட்டால் ஈடு தருகிற இன்சூரன்ஸ் பாலிசி ஒன்று இருந்தது. அதை நினைவுபடுத்தினேன். "மொதல்ல மனுசன் எழுந்து ஒக்காரட்டும்டா" என்று சொல்லிவிட்டார்.

அவர் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கடலூரில் இருந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி கெட்டவர் அல்ல. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"உடனே சொல்லியிருக்கணும் சார். அதவிட, எங்களக் கேக்காம தப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, பாலிசி விதிப்படி அதான் சிக்கல்."

"விழுந்தது எங்க கம்பி சார். பின்ன யாருதுன்னு சொல்றது?"

அதிகாரி எங்கள் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். சில வாரங்களில், ஈடு தர முடியாது என்று கம்பெனி எழுதிவிட்டது.

தையல்காரரின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. மாமா கையிலிருந்ததை எல்லாம் கொடுத்தும் போதவில்லை. இன்சூரன்ஸ் பணத்தை அவர் அமுக்கிக்கொண்டதாக அந்தக் குடும்பம் நம்பி, வழக்குப் போட்டது. காற்றின் மேல் பழியைப் போடச் சொன்னார் எங்கள் வக்கீல். மாமா மறுத்துவிட்டார். கூண்டில் ஏறிய தையல்காரர், "பக்கத்துல ஒக்காந்து, தப்பு எங்களுதுன்னு அவரே சொன்னாருங்க" என்றார். தீர்ப்பு எங்களுக்கு எதிராகப் போக அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவுரு ஒண்ணும் பொய் சொல்லலியேடா."

நஷ்ட ஈடு கட்டியதில் கடை போயிற்று. பந்தல் சாமான்களை யார் யாரோ வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போது எனக்கே ஒரு பந்தல் கடை இருக்கிறது. புதிதாகச் சேரும் ஆட்களிடம், அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுங்கள், வண்டி பிடியுங்கள், ஆனால் தப்பு நம்முடையது என்று மட்டும் வாய் திறக்காதீர்கள் என்று சொல்லிவைக்கிறேன். ஒருநாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா உள்ளே வந்துவிட்டார். நான் பேச்சை நிறுத்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் நிறுத்திட்ட? அப்படித்தான் சொல்லிக்குடுக்கணும். நல்லா சொல்லிக்குடு" என்றார்.