பனிக்குள் கேட்ட சிரிப்பு

எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது வயது பதினைந்து. பிறர் முகத்தைப் பார்த்து மனதைப் படிக்க எனக்கு வராதாம். தோழிகளிடம் ஒரு வாரம் மறைத்தேன்.

அந்த வடநாட்டு ஜனவரிக் காலையில் லக்ஷ்மிபாய் நகர் பஸ் ஸ்டாப்பே மூடுபனியில் மிதந்தது. பக்கத்தில் உஷாவும் மேரியும் வெறும் நிழல்கள். முகம் தெரியாத தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசியில், "இன்னிக்கு உங்களுக்கும் ஆட்டிசம்தான்டி. யார் மூஞ்சியாவது தெரியுதா?" என்றேன்.

நிழல்கள் இரண்டும் லேசாகக் குலுங்கின. கோபமா, பயமா?

பனிக்குள்ளிருந்து உஷாவின் குரல் வந்தது. "அச்சா, நான் வாயப் பொத்திண்டு சிரிக்கறேன்டி. மேரி என் தோள்ல சாஞ்சு அழுதுண்டே சிரிக்கறா."

அதன்பின் நல்ல வெயிலிலும் இருவரும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் சிரித்தார்கள். சொல்லாமல் சிரிக்கிறவர்கள் நடுவில், இன்றும் அந்தக் குரலுக்காக ஒரு கணம் காத்திருக்கிறேன்.