கங்கையம்மன் காட்டிக்கொடுத்த ஈயக்குண்டு

என் மகள் பேச்சை மறக்கத் தொடங்கியபோது அவளுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம்.

பேசாத குழந்தை இல்லை அவள். காக்காவைப் பார்த்தால் காக்காவோடு பேசுவாள். தோணியைப் பார்த்தால் தோணியோடு பேசுவாள். பெயர் தன்ஷிகா, வீட்டில் தனு. "தாத்தா, மீனு தூங்குதா?" என்று கேட்டுக் கேட்டு என் அப்பாவின் உயிரை எடுப்பாள். அந்தப் பேச்சு தை மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் கேள்விகள் நின்றன. பிறகு எங்கள் பெயர்களும் போயின. மாசிக் கடைசியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்து அழுவதுதான் அவள் பேச்சு என்று ஆகிவிட்டது.

எங்கள் குப்பத்துக் கங்கையம்மனைக் கும்பிடுகிறவர்களுக்கும், வேறு எந்தத் தாயைக் கும்பிடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போனவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். எனக்குத் தாய் செய்ததை நானே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில். நைனா, அதாவது என் அப்பா, வீச்சுவலைக்காரர். அம்மா இல்லை. நான் ஐடிஐ முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய பேட்டரிகளை உடைத்து அதிலிருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக ஊற்றும் இடம். எங்கள் பக்கம் யாரும் இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டோம். "இன்னா வேல?" என்று கேட்டால், "கம்பெனியில" என்போம். அதோடு முடிந்தது. அந்த ஒரு சொல்லால் எவ்வளவு நாள் வீணானது என்று பின்னால் சொல்கிறேன்.

தனுவை முதலில் பொன்னேரியில் காட்டினோம். ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். "மண்ணு திங்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார்" என்றாள் என் மனைவி ரேவதி. கண்ணேறு கழித்தோம், மந்திரித்தோம். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது குழந்தைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகிவிட்டது. ரேவதியின் மடியில் அவள் உடம்பு விறைத்து வெட்டிய அந்த நேரத்தை நான் எப்படி எழுதுவது? எழுத வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். வலிப்புக்கு மருந்து கொடுத்தார்கள். "அப்பா என்ன வேலை?" என்று ஒரு டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார்கள். நான் சொன்னேன்: "கம்பெனி மேடம்."

அவர்களும் கம்பெனி என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன்.

வீடு திரும்பிய அன்று சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போனேன். பெரிய வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. "தாயே, எம் புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னு காட்டு. காட்டிட்டா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அழுதேன். தினமும் இதையேதான் சொன்னேன். நாற்பது நாள் சொல்லியிருப்பேன். அந்த "மிச்சம்" எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வைகாசி கடைசியில் எங்கள் குப்பத்தில் வலைப் படையல் நடக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஆட்கள் மறுபடி கடலில் இறங்கும் முன், எல்லார் வலையையும் சுத்தம் பண்ணி, புதுக் குண்டு கட்டி, அம்மன் முன்னால் பரப்பி வைப்போம். கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வீசுகிறவர்களும் அன்றைக்கு வலை வைப்பார்கள். வீச்சுவலையின் ஓரத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன ஈயக்குண்டுகள் இருக்கும். அந்தக் கனம்தான் வலையைத் தண்ணீருக்குள் இறக்கும். நைனா அந்த ஈயத்தை வீட்டுக்குப் பின்னால் பழைய இரும்புச் சட்டியில் உருக்கி, தகடாக ஊற்றி, துண்டு துண்டாக வெட்டுவார். ஒவ்வொரு துண்டையும் கயிற்றின் மேல் மடித்து, கடைவாயில் வைத்து ஒரு கடி. குண்டு கயிற்றோடு இறுகிவிடும். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். நைனாவின் கடி சுத்துப்பட்டில் பேர் போனது. அவர் கட்டிய குண்டு கழன்றதே இல்லை.

அவர் மடியில்தான் தனு வளர்ந்தாள். அவர் கடிப்பதைப் பார்த்து அவளும் ஒரு குண்டை வாயில் போட்டுக் கடிப்பாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். "எம் பேத்திக்கு பல்லு மொளச்சதே வல கட்டத்தான்" என்று நைனா பெருமை அடித்துக்கொள்வார். மண் தின்கிறாளா என்று டாக்டர் கேட்டபோது எங்களுக்கு இது நினைவுக்கே வரவில்லை.

படையல் நடந்த வெள்ளிக்கிழமை நான் ஷிப்ட் முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்தேன். யூனிபார்ம் மாற்றவில்லை. தனுவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தாயிடம் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். சொல்லி முடித்து அவளைக் கீழே இறக்கினேன். அவள் தத்தித் தத்திப் போய் தாத்தாவின் வலையருகே உட்கார்ந்து, குண்டு ஒன்றை வாயில் வைத்துக் கடித்தாள். அம்மனுக்கு நேர் முன்னால். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"ஏய், யாரு ஊட்டு புள்ள இது? துப்ப சொல்லு! வாய்ல கைய உட்டு எடு!"

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். சுகுணா அக்கா. எங்கள் குப்பத்தில் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தவர். சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை. விரலை விட்டு, குழந்தை வாயிலிருந்து குண்டை எடுத்து வீசினார்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ, சாமி முன்னாடி கத்திகினு கீற? அது ஒண்ணும் பண்ணாது. நாப்பது வருசமா கடிக்கறேன், எனக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலயா? அப்ப கை ஏன் பெரியவரே இப்டி ஆடுது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. அவர் கை நடுக்கம் ஊருக்கே தெரியும். குடி என்று எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். அதற்காகவே மூன்று வருடம் முன்பு இதே அம்மன் முன்னால் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர் அவர். மெதுவாகச் சொன்னார்: "குடிய உட்டுட்டேன்மா. கை மட்டும் நிக்கல."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. குழந்தைக்கு என்ன செய்கிறது என்று ரேவதியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா வேல பண்ற தம்பி?"

"கம்பெனியில."

"கம்பெனின்னா? அங்க இன்னா பண்றீங்க?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. "பேட்டரி உடைச்சி ஈயம் உருக்கறோம்கா."

என் சட்டையைப் பார்த்தார். "இத்த போட்டுகினுதான் புள்ளய தூக்குவியா?"

தினமும் இப்படித்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அதோடு முடியவில்லை. நைனா கடித்த ஈயம் எங்கிருந்து வந்தது? மேஸ்திரியிடம் கேட்டு, நான்தான் என் டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தேன். போகும்போது சோறு, வரும்போது ஈயத்துண்டு. துண்டு கிடைக்காத நாளில் அதே டப்பாவில் தனுவுக்கு போண்டா. "படிச்ச புள்ள எடுத்தார்றான், நல்ல சரக்கு" என்று நைனா எல்லாரிடமும் சொல்வார். பட்டறை வாசலில் ஈயத்தூசு பற்றி ஒரு போர்டு இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாதவன் இல்லை நான். தினமும் படித்தேன். ஆனால் அதை என் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்படியே அம்மனைத் திரும்பிப் பார்த்தேன். காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டாள். அவள் விரல் என்னைத்தான் காட்டியது.

அக்கா மறுநாள் ஊருக்குப் போகும்போது எங்களையும் கையோடு அழைத்துப் போனார். ரத்தத்தில் ஈயம் பார்க்கிற பரிசோதனை. முடிவு வந்ததும் உடனே படுக்கையில் சேர்த்தார்கள். எண்ணைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஈயத்தை உடம்பிலிருந்து வெளியே இழுக்கிற மருந்து கொடுத்தார்கள். அக்கா டியூட்டி இல்லாத நாளிலும் வந்து தனுவுக்குத் தலை வாரிவிட்டுப் போவார். "கும்புட்டது போதும், கைய சோப்பு போட்டு கழுவு" என்று என்னைத் திட்டுவார். இப்படித் திட்டுகிற ஒருத்தரை அனுப்பத் தாய்க்குத்தான் தெரியும்.

அங்கே டாக்டர் தெளிவாகச் சொன்னார்: மருந்து பாதிதான், வீட்டிலிருந்து ஈயம் போக வேண்டும், இல்லையென்றால் பிள்ளை மறுபடி இங்கேதான் வரும். நான் பட்டறை வேலையை விட்டேன். அங்கே கூட இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்தார்கள். ரேவதி வீடு முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தாள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். சட்டி இருந்த இடத்து மண்ணை வெட்டி எடுத்து, புது மண் கொட்டினோம்.

நைனாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்தேன். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேத்தி கையில் ஊசி குத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், தன் வலையிலிருந்த குண்டு முழுவதையும் கழற்றினார். நடுங்குகிற கையால், ஒவ்வொன்றாக. அதற்குப் பதில் இரும்புச் சங்கிலி கோத்துக் கட்டினார். வீசினால் வலை வட்டமாக விரியவில்லை. அவிழ்த்தார். மறுபடி கட்டினார். கரையில் நின்றவர்கள், "இன்னா பெருசு, மாடு கட்டப் போறியா?" என்று கேலி பண்ணினார்கள். அவர் மறுபடி அவிழ்த்துக் கட்டினார். நான்காவது தடவை வலை பூ மாதிரி விரிந்து இறங்கியது. அதன் பிறகு வீடு வீடாகப் போனார். "சங்கிலி கட்டு. அது முடியலன்னா கொறடால நசுக்கு. வாய்ல மட்டும் வெக்காதடா. புள்ளைங்க பாக்குது" என்றார். அறுபதைத் தொட்ட மனிதர், தன் பேரும் புகழுமாக இருந்த ஒன்றைத் தப்பு என்று ஊர் முன்னால் சொன்னார். நான் படித்த படிப்பு அத்தனையையும் அவர் காலடியில் வைக்கலாம்.

இந்த வருடமும் வலைப் படையல் வந்தது. நைனா சங்கிலி வலையை அம்மன் முன் வைத்தார். தனு பழையபடி அதன் அருகே போய் உட்கார்ந்தாள். தடுக்க ஓரடி எடுத்து வைத்தேன். அவள் சங்கிலியை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, கொலுசு!" என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து அவள் தானாக ஒரு பொருளுக்குச் சொன்ன பெயர். நைனா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முழுசாகக் குணமாகிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். தன் வயசுப் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். ரத்தம் பார்க்க இன்னும் போய் வருகிறோம். ஆனால் வலிப்பு வரவில்லை. ஓடுகிறாள். நேற்று காக்காவோடு சண்டை போட்டாள். நானும் இப்போது வேறு இடத்தில் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். வெளியில் குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கிறேன். என் வேலை என்ன என்று யார் கேட்டாலும் முழுசாகச் சொல்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, தாயிடம் போங்கள். காட்டு என்று கேளுங்கள். அவள் கட்டாயம் காட்டுவாள். யார் வாயால் சொல்வாள், எவ்வளவு சத்தமாகச் சொல்வாள் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் ஈயம் உருக்குகிறவர், பேட்டரி உடைக்கிறவர், குண்டு கடிக்கிறவர் இருந்தால், இதைப் படித்ததையே அவள் காட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ரத்தம் பாருங்கள். அதற்குப் பிறகு கோயிலுக்கு வாருங்கள், என் தனு அங்கே சங்கிலி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.