விசிலக்காவின் நாச்சோஸ் தட்டு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்கு விசிலக்கா, பெரியவர்களுக்கு, அவள் காதில் விழாதபோது, விசில்காரி. வார நாட்களில் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கால்பந்து மைதானத்தில் நடுவராக நிற்பாள். சிறுமியாக இருந்தபோது பையன்களோடு ஆடியவள்தான். வளர்ந்ததும், இனி நீ வேண்டாம் என்று ஓரங்கட்டினார்கள். ஓரமாகப் போய் உட்கார அவளுக்கு வரவில்லை. நடுவர் தேர்வு எழுதி, அதே மைதானத்துக்குள் விசிலோடு திரும்பி வந்தாள். விரட்டியவர்களே அவள் ஊதினால் நிற்க வேண்டியதாயிற்று.

சிக்கல் வந்தது உள்ளூர் லீக்கின் கடைசி ஆட்டத்தில். வர வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்கவில்லை. குடியிருப்பின் அணிக்குக் கேப்டன் அவளுடைய கொழுந்தன். உறவுக்காரி நடுவராக நிற்பதா என்று எதிரணி முணுமுணுக்கவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் என்பதால் சரி என்றார்கள். கொழுந்தனின் ஆட்களோ, "நம்ம அண்ணிதானே" என்று தோளைத் தட்டிக்கொண்டார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், தங்கள் கோலுக்கு முன்னால், கொழுந்தனின் கையில் பந்து பட்டது. அவள் விசில் ஊதினாள். பெனால்டி. கோப்பை எதிரணியோடு போயிற்று.

அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். லிஃப்ட் பாதியில் நின்றால் மட்டும் அவளுக்குப் போன் வந்தது. அவளும் போய்ச் சரிசெய்தாள். அது வேறு கணக்கு.

உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வந்தது. பெரிய ஆட்டம் என்றால் கூட்டம் கூடுவது வழக்கமாக அவள் வீட்டு ஹாலில்தான், நடுவில் அவள் செய்யும் நாச்சோஸ் தட்டு. இந்த முறை மேல்மாடியில் இருந்த கொழுந்தன் எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தான். அண்ணன் வீட்டுக்கு மட்டும் அழைப்பு இல்லை.

பார்சல் வண்டி ஓட்டும் அவள் கணவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். அவள் பெரிய ஓவன் தட்டில் சோளச் சிப்ஸைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய தட்டு?"

"ரெண்டு பேருக்குன்னு யார் சொன்னா?"

"யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிடும். தெரியாம ஊதிட்டேன்னு சொல்லேன்."

"தெரிஞ்சுதான் ஊதினேன். அந்தக் கொத்துக்கறிய எடுங்க."

அவள் கை நிற்கவில்லை. ஒரு வரிசைச் சிப்ஸ், அதன் மேல் துருவிய சீஸ், வேகவைத்து மசித்த பீன்ஸ், காரமாக வதக்கிய கொத்துக்கறி. மறுபடி சிப்ஸ், மறுபடி சீஸ். குவியலாகக் கொட்டி மேலே மட்டும் சீஸைத் தூவுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அடியில் இருக்கிற சிப்ஸ் என்ன பாவம் செய்தது என்பாள். ஒன்றுகூட மொட்டையாக இருக்கக் கூடாது. ஓவனிலிருந்து வெளியே வந்தபோது சீஸ் குமிழியிட்டுக்கொண்டிருந்தது, ஓரங்கள் சிவந்திருந்தன. ஈரமானதை முன்பே போட்டால் சிப்ஸ் நமுத்துவிடும் என்று தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாயைக் கடைசியில்தான் தூவினாள். கெட்டித் தயிரை அங்கங்கே சொட்டுச் சொட்டாக விட்டாள்.

பிறகு இரண்டு கைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு தட்டைத் தூக்கினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மேல. கதவைத் திறங்க. சூடா இருக்கு."

"அவன் கூப்பிடலையே."

"என்னை மைதானத்துக்குக்கூட யாரும் கூப்பிடல."

கணவன் கதவைத் திறந்துவிட்டான். தம்பி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் என்று இத்தனை நாளும் நடுவில் நசுங்கியவன். மீதித் தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே படியேறினான்.

ஓரகத்திதான் கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், விலகி வழிவிட்டாள். உள்ளே தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. விசிலக்கா நேராக நடந்து போய், குளிர்பானப் புட்டிகளை முழங்கையால் ஒதுக்கி, தட்டை மேசையின் நடுவில் வைத்தாள்.

"பெனால்டி பெனால்டிதான். அதுல மாத்தம் இல்ல. சாப்பிடுறவங்க ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டாள்.

யாரும் அசையவில்லை. அன்றைக்கு அந்தப் பெனால்டியைத் தடுக்க முடியாமல் எதிர்ப்பக்கம் பாய்ந்த கோல்கீப்பர், பூட்டு என்று பட்டப்பெயர், அவன்தான் முதலில் கை நீட்டினான். சீஸ் நூலாக நீண்டது. "அக்கா, இதுக்கு மேல ரோஷம் காட்ட என்னால ஆகாது" என்றான். யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு கைகள் வரிசையாக வந்தன. வாய் நிறைய மென்றுகொண்டே அந்தப் பெனால்டிக்காக அவளோடு சண்டையும் போட்டார்கள்; அவளும் விடவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

கொழுந்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். இடைவேளையில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தான்.

"நான் வேணும்னு கையை வைக்கல அண்ணி."

"நீ வேணும்னு வச்சேன்னு நான் சொல்லவே இல்லையே. கை விரிஞ்சிருந்துச்சு, பந்து பட்டுச்சு. அவ்வளவுதான்."

"வேற யாராவது ஊதியிருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது."

"எனக்கும்தான் வலிச்சுது" என்றாள் தணிந்த குரலில். "ஆனா நாளைக்கும் அப்படித்தான் ஊதுவேன்."

அவன் தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்டானா, அலுத்துக்கொண்டானா, தெரியவில்லை. தட்டின் மூலையில் கருகலாக ஒட்டியிருந்த சிப்ஸைப் பெயர்த்து எடுத்துத் தின்றுகொண்டே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அடுத்த பருவத்தில் அவர்களுடைய ஆட்டம் ஒன்றுக்கு மறுபடியும் நடுவர் வரவில்லை. இரண்டு கேப்டன்களையும் கேட்டார்கள். "அண்ணியே நிக்கட்டும்" என்று முதலில் சொன்னவன் கொழுந்தன்தான். முதல் பாதி முடிவதற்குள் அவளோடு வாக்குவாதம் செய்து மஞ்சள் அட்டை வாங்கினான்.