மீன்கடை ஐஸ்

வெள்ளவத்தைச் சந்தையில் ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் மீன்கடை முன்னால் நின்றுவிடுகிறேன்.

சண்டைக் காலம். எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாசலைத் தாண்டாது. ஆனால் வன்னி அகதி முகாமுக்கு மருந்து லொறி போகும் நாளில், அம்மா பெரிய பிளாஸ்க்கோடு மீன்கடைக்குப் போவார். கடைக்கார முஸ்லிம் அண்ணரை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, ஐஸ் மட்டும் தாங்கோ."

"மீன் தின்னாத டீச்சருக்கு ஐஸ் என்னத்துக்கு?"

"இன்சுலினுக்கு. அங்க சீனி வருத்தத்தோட சின்னப் பிள்ளையள் இருக்குதுகள். சூட்டில மருந்து பழுதாப் போகும்."

அதன்பிறகு நானா, மீன் படாத கட்டியாகப் பார்த்துக் கழுவித் தருவார். அப்படியும் அம்மா வெளிக்குழாயில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

ஒருமுறை, சோதனைச் சாவடியில் நாட்கணக்காக மறித்து வைத்த லொறி அப்படியே திரும்பி வந்தது. அம்மா பிளாஸ்க்கைத் திறந்தார். ஐஸ் உருகிச் சூடேறிய தண்ணீருக்குள் மருந்துக் குப்பிகள் கிடந்தன. எல்லாவற்றையும் கொட்டி, பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு மறுபடி மீன்கடைக்கு நடந்தார். திரும்பி வந்தவர் குழாயடியில் நிற்கவில்லை. மீன் மணக்கும் கையோடு நேரே குசினி அடுப்படிக்குப் போனார்.

"அம்மா, முழுகேல்லையோ?"

"பிறகு பாப்பம். அடுத்த லொறி வெளிக்கிடப் போகுது. புது மருந்தைச் சுத்துறதுக்குத் துணி எடு பிள்ளை."

"என்ன மீன் வேணும், மிஸ்?" என்று ஐஸ் உடைக்கும் வெள்ளவத்தைக் கடைக்காரர் இப்போது என்னைக் கேட்கிறார்.

நான் இன்றைக்கும் மீன் சாப்பிடுவதில்லை.