எல்லாவற்றுக்கும் நாலு

"ஐ ஹேற் ஸ்ராற்ஸ்" என்று இங்கே மாணவர்கள் என் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் புள்ளிவிபரவியலுக்கு உதவி ஆசிரியையாக இருக்கிறேன். வெறுப்பதாக அறிவித்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து சந்தேகம் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் இதையே படிப்பித்தேன். அங்கே விளங்காதவர்கள் தலையைக் குனிந்தபடி கரும்பலகையில் இருந்ததைக் கொப்பியில் இறக்கிக்கொள்வார்கள். பிடித்திருக்கிறதா என்று நான் அவர்களைக் கேட்டதில்லை.

போன வருடம் இங்குள்ள பேராசிரியை, வெவ்வேறு மொழி பேசும் மாணவர்கள் இந்தப் பாடத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிடத் தொடங்கினார். வினாக்கொத்தைத் தமிழாக்கியது நான். ஒவ்வொரு கூற்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்; ஒன்று முழு மறுப்பு, ஏழு முழு உடன்பாடு. நாலு என்றால் எந்தப் பக்கமும் இல்லை. முல்லைத்தீவிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிர்மலா எல்லாவற்றுக்கும் நாலையே வட்டமிட்டுத் தந்தாள்.

"என்ன பிள்ளை, வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான் மிஸ். புள்ளிவிபரம் என்ர வாழ்க்கைக்குத் தேவையில்லை எண்டு ஒண்டு கிடக்கு. காணாமல் போன ஆக்களுக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லினம். எந்தக் கணக்கில அண்ணையைச் சேர்த்திருக்கினம் எண்டு தெரியாது. அது தெரியாமல் என்னத்தைப் போட? பிறகு மற்றதுகளுக்கும் மனம் வரேல்லை."

தாளை வாங்கிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் நான் சராசரியை எப்போதும் மழைவீழ்ச்சியை வைத்தே படிப்பித்தேன். ஆட்களை எண்ணும் கணக்குகளை விட்டுவிடுவேன். ஏன் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

அவளுடைய அண்ணன் 'மிஸ்ஸிங்' என்று பேராசிரியையிடம் சொன்னேன். அவர் பதறிப்போய், பொலிசுக்கு அறிவித்தாயிற்றா என்று கேட்டார். யுத்தத்தில், என்றேன். வருந்துவதாகச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார். பிறகு, ஒரே எண்ணை வட்டமிட்ட தாள்களை நீக்குவதுதான் விதி என்று மெல்ல நினைவூட்டினார். அந்த விதியை நானும் படிப்பித்திருக்கிறேன். கணினி அட்டவணையில் அவளுடைய விடைகள் இருந்த வரியை அழித்தேன். கீழே இருந்த வரி மேலே ஏறி இடத்தை நிரப்பியது. அடுத்த தாளை எடுத்தேன்.

பின்னேரம் பஸ் தரிப்பில் நிர்மலா நின்றாள். "மிஸ், என்ர பேப்பரைச் சேர்த்தவையோ?" என்று கேட்டாள்.

தமிழில் அந்தப் பொய் வரவில்லை. "இற்ஸ் ஃபைன்" என்றேன். அவள் தலையாட்டினாள். பஸ் வந்ததும் இருவரும் ஏறி, முன்னும் பின்னுமாக அமர்ந்துகொண்டோம்.